நான்காம் கேள்வி

பெகுவில் மின்சாரம் ஏழரைக்குப் போகும்.
வகுப்பும் ஏழரைக்குத்தான்.
கோயில் சாப்பாட்டுக் கூடத்தில்
பாட்டரி விளக்கைச் சுற்றி ஒன்பது பேர்.
ஏழு பேர் என் அப்பாவைவிட மூத்தவர்கள்.
பள்ளிக்கூடத்தைப் பூட்டிய வருஷம்
‘ஔ’ வரை வந்திருந்தவர்கள்,
இப்போது ‘ஃ’ எழுதிப் பார்க்கிறார்கள்.

பகலில் நான் போன் கடையில் திரை ஒட்டுகிறவள்.
வயது இருபத்து மூன்று.
தேர்வுத் தாள் நானே தயாரித்தது:
சரியா, தவறா? அடைப்புக்குள் எழுதுக.

நான்காம் கேள்வி.
அன்னம் பாலையும் நீரையும் பிரித்துவிடும். (     )

ஏழு பேர் ‘சரி’ போட்டார்கள்.
மின் லுவின், வீட்டில் மாசிலாமணி,
போனில் தேடிப் பார்த்துவிட்டு
‘தவறு. அது புல் தின்னும்’ என்று எழுதினான்.
தவசியப்பன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.
நாற்பது வருஷமாகச் சைக்கிளின் இருபுறமும்
பால் தூக்கு தொங்கவிட்டுப் போகிறவர்.

“டீச்சரம்மா, அந்தப் பறவை
நம்ம தெருப் பக்கம் வந்ததே இல்ல.
வந்திருந்தா
என் ரெண்டு பொண்ணுக்கும் கல்யாணம் ஆகியிருக்காது.”

கூடம் அதிரச் சிரிப்பு.
முப்பது வருஷம் அவரிடம் பால் வாங்கும் லெச்சுமாயி
எல்லோருக்கும் பிந்திச் சிரித்து
எல்லோருக்கும் முந்தி நிறுத்தினாள்.

படித்து வைத்திருந்ததைச் சொன்னேன்:
புராணத்தை அப்படியே எடுக்கக் கூடாது,
பால் என்றால் மெய், நீர் என்றால் பொய்.

“தண்ணி பொய்யா?” என்றார்.
“போன சித்திரையில கிணறு வத்தினப்போ
யாரும் அப்படிச் சொல்லலையே.”

பிறகு ஜன்னல் பக்கம் கை காட்டினார்.
இருட்டு. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்
அந்தத் திசையில் வளைவின் மேல் என்ன இருக்கிறதென்று.
ஊரே கடலாய்க் கிடந்த காலத்தில்
ஒரு பறவை நிற்கும் அளவுக்கே மண்.
ஆண் மண்ணில் நின்றது.
பெண் அதன் முதுகில் நின்றது.
(பெகு மாப்பிள்ளைகளை ரங்கூன்காரர்கள்
இன்றுவரை கேலி செய்வது இதற்காகத்தான்.)

“ஹிந்தான்னு சொன்னாலும் அதுவும் அன்னந்தானே?
எதையும் பிரிக்கல பாருங்க. சுமக்குது.
கடல் தாண்டி வந்ததும்
வேலை மாறிப்போச்சு,
நம்மளப் போல.”

அன்றிரவு மெழுகுவத்தியில் தாள் திருத்தினேன்.
அவருடைய நான்காம் அடைப்பு காலி.
அதன் கீழே, கோட்டை விட்டு இறங்கி,

அன்னத்துக்கு பால் ஊத்தினவர் யார்
அவர் ஏன் தன்னீர் கலந்தார்

மூன்று சுழி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு.
ஒற்று விட்டுப்போயிருக்கிறது.
‘ஏன்’ மட்டும் பிழையில்லாமல்.

சிவப்புப் பேனா காய்ந்துகொண்டிருந்தது.
எத்தனை நூற்றாண்டு இந்தக் கதையைச் சொல்லியிருப்போம்,
எல்லோரும் அலகையே பார்த்தோம்.
கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்த கையை
ஒருவரும் பார்க்கவில்லை.
கதைக்குள் ஏறி அதன் கொல்லைப்புறம் போய்
அடுப்படியில் நிற்பவனை
யாரப்பா நீ என்று கேட்க
ஒரு பால்காரர் வேண்டியிருந்தது.

அந்தக் கை எப்படி இருக்கும் என்று யோசித்தேன்.
சரியையும் தவறையும் வேண்டுமென்றே கலந்து
ஒன்பது பேர் முன்னால் வைத்துவிட்டு
யார் பிரிக்கிறார்கள் என்று காத்திருக்கும் கை.
நகத்தில் திரை ஒட்டும் பசை இருக்கும்.

நான்காம் கேள்வியை எல்லாத் தாளிலும் அடித்தேன்.
பத்துக்குப் பதில் மொத்தம் ஒன்பது.
மாசிலாமணி சண்டைக்கு வருவான்.

காலை ஐந்தரைக்குச் சைக்கிள் மணி.
அம்மா பாத்திரத்தை நீட்டி
வழக்கம்போல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.
“தாள் திருத்தியாச்சா டீச்சரம்மா?”
“இன்னும் இல்லை” என்றேன்.

அதில் எவ்வளவு தண்ணீர் என்று
அவருக்குத் தெரியாமலா இருக்கும்.
கொசுறாக ஒரு கரண்டி ஊற்றிவிட்டு
மிதித்துப் போனார்.